புராஸ்டேட் அழற்சி: அறிகுறிகளை எப்படிப் பிரித்துப் பார்ப்பது, டாக்டரிடம் எப்படிச் சொல்வது

சிறுநீர் எரிந்தால் நம் ஊரில் ஆண்களுக்கு உடனே கிடைக்கிற நோய்ப்பெயர் ‘உடம்புச் சூடு’. வெந்தயம் ஊறவைத்து முழுங்கு, இளநீர் குடி, தலைக்கு நல்லெண்ணெய் தேய்த்துக் குளி, இரண்டு நாளில் சரியாகிவிடும். வெயில் காலத்தில் தண்ணீர் குடிக்காமல் வண்டி ஓட்டி வந்த நீர்க்கடுப்பாக இருந்தால் உண்மையிலேயே சரியாகியும் விடுகிறது, அதனால் இந்த வைத்தியத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை. சரியாகாவிட்டால் அடுத்து மெடிக்கல் கடை, ஐந்து நாளுக்கு ஏதோ ஒரு ஆன்டிபயாடிக். அதிலும் பாதி கேட்டு மீதி கேட்காமல், எரிச்சல் போய் அடியில் மந்தமான ஒரு வலி மட்டும் தங்கி, உட்கார்ந்தால் உறுத்தி, மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு திரிகிறவர்கள் நிறையப் பேர். அவர்களில் ஒரு பகுதியினருக்கு இருப்பது புராஸ்டேட் அழற்சி, அதாவது ஆண்களுக்கு மட்டும் இருக்கும் புராஸ்டேட் என்ற சுரப்பி புண்பட்டு வீங்குவது.

புராஸ்டேட் என்றாலே அறுபது வயதுக்காரர் சமாச்சாரம் என்ற நினைப்பை முதலில் விட்டுவிடுங்கள். வயதாக ஆகச் சுரப்பி பெரிதாவது வேறு, புற்றுநோய் வேறு, அழற்சி வேறு. ஐம்பது வயதுக்கு உட்பட்ட ஆண்கள் சிறுநீரியல் மருத்துவரிடம் போகிற காரணங்களில் முன்னணியில் இருப்பது இந்த அழற்சிதான். இருபத்தெட்டு வயதுக்காரருக்கும் வரும்.

சுரப்பி இருக்கும் இடம் தெரிந்தால் அறிகுறிகள் தானாகவே புரிந்துவிடும். சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே, மலக்குடலுக்கு முன்னால், ஒரு பெரிய நெல்லிக்காய் அளவில் உட்கார்ந்திருக்கிறது. சிறுநீர்க் குழாய் அதன் நடுவே புகுந்து வருகிறது, விந்து வரும் வழியும் அங்கேயே வந்து சேர்கிறது, விந்தில் ஒரு பங்கு நீரைச் சுரப்பதும் இதுதான். ஆக, இது வீங்கினால் சிறுநீர் தடைபடும், மலம் கழிக்கும்போது வலிக்கும், விந்து வெளியேறும்போது வலிக்கும். மூன்றும் ஒருவருக்கே வரவேண்டும் என்றில்லை.

சரி, உங்களுக்கு இருப்பது இதுதானா என்று எப்படிப் பார்ப்பது?

முதல் படி: தெர்மாமீட்டர்

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் காய்ச்சல் இருக்கிறதா என்று பாருங்கள். தொட்டுப் பார்த்துச் சொல்வது போதாது, தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், உடம்பு தூக்கிப்போடுகிற குளிர் நடுக்கம், அதோடு சிறுநீர் கழிக்க எரிச்சல், அடிவயிற்றிலோ விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலோ வலி. இந்தச் சேர்க்கை வந்தால் அது பாக்டீரியாவால் திடீரென்று வரும் கடும் அழற்சியாக இருக்கலாம். புராஸ்டேட் அழற்சிகளிலேயே இது அரிது, ஆனால் ஆபத்தானது இதுதான். கிருமி ரத்தத்தில் கலந்துவிடக்கூடும். ‘டெங்குவா இருக்கும், ரெண்டு பாராசிட்டமால் போட்டுப் பார்ப்போம்’ என்று படுத்துவிடுகிறவர்கள் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்தக் காய்ச்சலோடு சிறுநீரும் மாறியிருக்கிறதா? மாறியிருந்தால் அன்றைக்கே, ராத்திரி என்றாலும், மருத்துவமனைக்குப் போங்கள்.

காய்ச்சல் இல்லாமலேயே அவசரமாகப் போக வேண்டிய நிலைகளும் உண்டு. சிறுநீர் முட்டுகிறது, அடிவயிறு கல் போல இறுகியிருக்கிறது, ஆனால் சொட்டுக்கூட வரவில்லை என்றால் 108-ஐக் கூப்பிடத் தயங்க வேண்டாம், ட்யூப் போட்டு எடுத்தால்தான் தீரும். அந்த நேரத்தில் ‘இன்னும் தண்ணீர் குடி, வந்துவிடும்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டதோடு ஆசனவாய், விதைப்பை, உள்தொடைப் பக்கம் மரத்துப்போயிருந்தால் அது முதுகுத்தண்டு நரம்பு அழுத்தமாக இருக்கலாம், அதுவும் அதே நாள் கேஸ். இளவயதுக்காரருக்கு ஒரு பக்க விதை திடீரென்று தாங்க முடியாமல் வலித்தால் விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அதில் ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தால் விதையைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு உண்டு, புராஸ்டேட்டா இல்லையா என்றெல்லாம் வீட்டில் உட்கார்ந்து யோசிக்க அங்கே நேரமில்லை.

சர்க்கரை நோய் உள்ளவர்கள், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள், சமீபத்தில் சிறுநீர் ட்யூப் போட்டு எடுத்தவர்கள், புராஸ்டேட்டில் பயாப்ஸி (சோதனைக்காகச் சிறு சதைத் துணுக்கு) எடுத்துச் சில நாள் ஆனவர்கள் எல்லாம் லேசான காய்ச்சலைக்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு உள்ளே சீழ்க்கட்டி பிடிக்கிற வாய்ப்பு அதிகம். மருந்து தொடங்கி இரண்டு நாள் ஆகியும் காய்ச்சல் இறங்காவிட்டால் டாக்டர்கள் முதலில் அதைத்தான் தேடுவார்கள்.

இரண்டாவது: வலி சரியாக எந்த இடத்தில்

காய்ச்சல் இல்லை, ஆனால் வாரக்கணக்கில் தொந்தரவு என்றால் நிதானமாகப் பார்க்கலாம். இங்கேதான் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள், அதற்கு வெட்கம்தான் காரணம். டாக்டரிடம் ‘கீழே வலிக்குது சார்’ என்று சொன்னால் அது அடிவயிறா, இடுப்பா, விதையா, மூலமா என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? இடத்தைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் சார்பில் உருவாக்கப்பட்டு 1999-ல் வெளியான ஒரு கேள்வித்தாள் இருக்கிறது, நாள்பட்ட புராஸ்டேட் அழற்சியை அளக்க இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். கடந்த ஒரு வாரத்தில் எங்கெங்கே வலித்தது என்று அது கேட்கிற இடங்கள் நான்கு: விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில், விதைகளில், ஆணுறுப்பின் நுனியில் (சிறுநீர் கழிக்காத நேரத்திலும்), இடுப்புக்குக் கீழே சிறுநீர்ப்பைப் பகுதியில். அதன் பிறகு, சிறுநீர் கழிக்கும்போது வலி உண்டா, விந்து வெளியேறும்போதோ அதற்குப் பிறகோ வலி உண்டா என்று தனியாக இரண்டு கேள்வி. இந்த ஆறுக்கும் உங்கள் பதிலை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனாலே பாதி வேலை முடிந்தது. வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் தாளை நீட்டிவிடலாம், எந்த டாக்டரும் தப்பாக நினைக்க மாட்டார்.

விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் வரும் வலிக்கு ஒரு குணம் உண்டு, உட்கார்ந்தால் கூடும். ஆட்டோ ஓட்டுகிறவர்கள், நாள் முழுக்க நாற்காலியில் இருக்கும் ஐ.டி. ஆட்கள், சைக்கிள் மிதிக்கிறவர்கள் சாயங்காலம் ஆக ஆக ஏதோ பந்தின் மேல் உட்கார்ந்திருக்கிற உணர்வு வருவதாகச் சொல்வார்கள். எழுந்து நடந்தால் குறையும். இதை மூலம் என்று நினைத்து மாதக்கணக்கில் களிம்பு தடவுகிறவர்களும் உண்டு. மூலத்தில் பெரும்பாலும் ரத்தமோ, கைக்குத் தட்டுப்படும் சதையோ, மலம் கழிக்கும் நேரத்தோடு சேர்ந்த வலியோ இருக்கும். எதுவும் இல்லாமல் உட்காருவது மட்டுமே பிரச்சினை என்றால் மலக்குடலுக்கு முன்னால் இருக்கும் புராஸ்டேட்டையும் யோசிக்க வேண்டும்.

மூன்றாவது: மூன்று நாள் கணக்கு

ஒரு பழைய அளவுக் குவளையும் ஒரு நோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள், சிறுநீர் போகிற நேரம், அளவு, குடித்தது என்ன, எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். லீவு நாளில் தொடங்கினால் சுலபம், ஆபீசில் குவளையோடு திரிய முடியாது. பகலில் ஏழெட்டு முறைக்கு மேல் போகிறீர்களா, ராத்திரி எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள், அவசரமாக வருகிறதா, போய்விட்டு வந்த பிறகும் மிச்சம் இருப்பதுபோல இருக்கிறதா, தொடங்குவதற்கு நின்று காத்திருக்க வேண்டியிருக்கிறதா, தாரை மெலிந்து விட்டுவிட்டு வருகிறதா. இவை எல்லாம் புராஸ்டேட் பக்கம் கைகாட்டும் அறிகுறிகள்.

ஆனால் இந்த நோட்டு சில சமயம் வேறு உண்மையைச் சொல்லிவிடும். ஒவ்வொரு முறையும் 400 மில்லி, 500 மில்லி என்று நிறையப் போகிறது என்றால் பிரச்சினை புராஸ்டேட்டில் இல்லாமல் சர்க்கரையில் இருக்கலாம். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற்றுகின்றன, அதனால் அளவும் முறையும் கூடும், முன்தோலில் பூஞ்சைப் புண்ணும் வரும். தாரை திடீரென்று மெலிந்தால், அந்த வாரம் சளிக்கு ஏதாவது மாத்திரை போட்டீர்களா என்று பாருங்கள். பல சளி மாத்திரைகளில் இருக்கும் மருந்து சிறுநீரைப் பிடித்துவைக்கும். சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டையையும் டாக்டரிடம் எடுத்துப் போகச் சொல்வது இதற்காகத்தான்.

வெள்ளை போவது பற்றி

விந்து வெளியேறும்போது சுரீரென்று வலி, அல்லது அதற்குப் பிறகு சில மணி நேரம் நீடிக்கும் கடுப்பு, இவை நாள்பட்ட அழற்சியின் முக்கியமான அறிகுறிகள். சிறுநீர்த் தொற்றில் இது அவ்வளவாக இருக்காது, அதனால் டாக்டருக்கு இந்தத் தகவல் ரொம்பப் பயன்படும். விந்தில் ரத்தம் தெரிந்தால் பார்க்கவே பயமாக இருக்கும், இளவயதில் பெரும்பாலும் ஆபத்தில்லாத காரணம்தான், ஆனாலும் காட்டிவிட வேண்டும். சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் வயது எதுவானாலும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே ஒரு தடவை வந்து நின்றுவிட்டாலும் கட்டாயம் காட்ட வேண்டும்.

மலம் கழிக்க முக்கும்போது இரண்டு சொட்டு வெள்ளையாக வருவது வேறு கதை. சுரப்பிகளில் தேங்கிய நீர் அழுத்தத்தில் வெளியே வருகிறது, வேறு தொந்தரவு எதுவும் இல்லையென்றால் இது நோயே இல்லை. ஆனால் நம் பையன்கள் இதைப் பார்த்து ‘தாது நஷ்டம்’ என்று பயந்து, டிவி விளம்பரத்தில் வருகிற, மாதம் ஒரு முறை லாட்ஜில் ரூம் போட்டுப் பார்க்கிற வைத்தியரிடம் போய் ஆயிரக்கணக்கில் கொட்டிவிட்டு வருகிறார்கள். எனக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பொறுமை கிடையாது. சுய இன்பத்தால் புராஸ்டேட் கெடுவதில்லை, விந்து போவதால் உடம்பு உருகுவதில்லை, ‘இளமைக்காலத் தவறு’ என்று பயமுறுத்துகிறவர் உங்கள் பயத்தை வைத்துப் பிழைக்கிறார்.

மஞ்சளாக, சீழ் மாதிரி, முக்காமலேயே வந்து உள்ளாடையில் கறை படிந்தால் மட்டும் அது பால்வினைத் தொற்றாக இருக்கலாம். அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்ப் பிரிவில் இலவசமாகவே பார்ப்பார்கள். மனைவியோ துணையோ இருந்தால் அவருக்கும் சேர்த்துச் சிகிச்சை வேண்டும், இல்லையென்றால் திரும்பத் திரும்ப வரும். மற்றபடி சாதாரண புராஸ்டேட் அழற்சி தாம்பத்திய உறவால் தொற்றாது.

ஆன்டிபயாடிக்குக்கு முன்னால் சிறுநீர்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள்: முதல் மாத்திரையை முழுங்குவதற்கு முன்னால் சிறுநீரைக் கல்ச்சர் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள், அதாவது அதில் கிருமி வளர்கிறதா என்று லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனை. கடைக்காரர் கொடுத்த ஐந்து நாள் மாத்திரையில் கிருமி பாதி செத்து, பரிசோதனையில் ஒன்றும் வளராமல் போய்விட்டால், அப்புறம் உங்களுக்கு இருந்தது கிருமியா இல்லையா என்பதே தெரியாமல் போகும், அந்தக் குழப்பம் வருஷக்கணக்கில் கூட வரும். கடும் காய்ச்சலோடு மருத்துவமனைக்குப் போனால் மட்டும் முடிவு வரும்வரை காத்திருக்க மாட்டார்கள், மாதிரியை எடுத்துக்கொண்டு உடனே ஊசி தொடங்கிவிடுவார்கள், அது சரிதான்.

மாதிரி எடுப்பதிலும் ஒழுங்கு உண்டு. கையைக் கழுவி, முன்தோலைப் பின்னுக்குத் தள்ளி நுனியைத் தண்ணீரால் சுத்தம் செய்துவிட்டு, முதலில் வருவதைக் கழிப்பறையில் விட்டு, நடுவில் வருவதை லேபில் கொடுத்த கிருமி நீக்கிய டப்பாவில் பிடிக்க வேண்டும். வீட்டில் கழுவிய ஜாம் பாட்டில் வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்த்துவிடுங்கள், முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வையுங்கள். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும்.

கிருமி என்று வந்தால் பெரும்பாலும் ஈ.கோலை, நம் குடலில் இருப்பதுதான். ஒரு ஆன்டிபயாடிக் எடுபடும் என்று தாளில் இருந்தாலே அது புராஸ்டேட்டுக்குள் போகும் என்று அர்த்தமில்லை. நைட்ரோஃபியூரான்டாயின் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு நல்ல மருந்து, ஆனால் புராஸ்டேட் சதைக்குள் போதுமான அளவில் சேராது. ‘மாத்திரை சாப்பிடும்போது நன்றாக இருக்கிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது’ என்ற கதைக்கு இது ஒரு காரணம். உள்ளே நன்றாகப் போகும் சிப்ரோஃப்ளாக்சாசின், லிவோஃப்ளாக்சாசின் வகையில் வேறு சிக்கல்: இந்தியாவில் நிறைய ஈ.கோலை அதற்குப் பழகிவிட்டது, கூடவே குதிகால் நரம்பு என்று நாம் சொல்கிற தசைநாரில் வலி வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்ல வேண்டிய மருந்து அது. ஆகவே மருந்தைத் தேர்ந்தெடுப்பதை டாக்டரிடம் விட்டுவிடுங்கள். எத்தனை நாள் என்று அவர் சொல்கிறாரோ அத்தனை நாளும் சாப்பிடுங்கள், கடும் அழற்சிக்கு இரண்டு முதல் நான்கு வாரம், நாள்பட்ட கிருமி அழற்சிக்கு நான்கு முதல் ஆறு வாரம் என்பது வழக்கம். மூன்றாம் நாள் சுகமாகிவிட்டதே என்று நிறுத்துகிறவர்கள்தான் திரும்பி வருகிறார்கள்.

டாக்டர் என்ன செய்வார்

சிறுநீரியல் மருத்துவரிடம் போவது நல்லது, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் இந்தப் பிரிவு இருக்கிறது. அவர் வயிற்றையும் விதையையும் பார்த்துவிட்டு, ஆசனவாய் வழியாகக் கையுறை போட்ட விரலால் சுரப்பியைத் தொட்டுப் பார்ப்பார். இதற்குப் பயந்தே பாதிப் பேர் போவதில்லை. ஜெல் தடவித்தான் செய்வார்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது, அசௌகரியமாக இருக்கும், அவ்வளவுதான். மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டிருந்தால் சதை தளர்ந்து சுலபமாகும். கடும் காய்ச்சலில் இருப்பவருக்குச் சுரப்பியை அழுத்திப் பிசையக் கூடாது, கிருமி ரத்தத்தில் ஏறிவிடும். ‘புராஸ்டேட் மசாஜ்’ என்று யூடியூபில் பார்த்துவிட்டு வீட்டில் முயற்சி செய்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள், சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்பதைப் பார்ப்பதுதான் அதில் முக்கியம். ரிப்போர்ட்டில் ‘லேசான வீக்கம்’, ‘சுண்ணாம்புப் படிவு’ என்று இருந்தால் ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், எந்தத் தொந்தரவும் இல்லாத ஆண்களிடமும் இவை சாதாரணமாகத் தெரிகின்றன. இன்னொன்று, சிறுநீரில் சீழ் அணுக்கள் நிறைய இருந்தும் கல்ச்சரில் எதுவுமே வளரவில்லை, இதுவே திரும்பத் திரும்ப நடக்கிறது என்றால், நம் நாட்டில் காசநோயையும் ஒரு முறை தேடிப் பார்க்க வேண்டும். டாக்டர் அதைப் பற்றிப் பேசாவிட்டால் நீங்களே கேட்கலாம்.

கிருமியே இல்லை என்று வந்தால்

இதுதான் பெரும்பாலானவர்களின் நிலை. நாள்பட்ட புராஸ்டேட் தொந்தரவு என்று வருகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்குக் கிருமி கிடைப்பதில்லை. கடந்த ஆறு மாதத்தில் குறைந்தது மூன்று மாதம் இடுப்புக்கூட்டு வலி இருந்து, தொற்றோ வேறு காரணமோ தெரியவில்லை என்றால் இதை நாள்பட்ட இடுப்புக்கூட்டு வலி என்று வகைப்படுத்துகிறார்கள். ‘ஒன்றுமில்லை, மனப்பிரமை’ என்று அனுப்பிவிட்டால் அது தவறு, வலி நிஜம். இடுப்புக்கூட்டின் அடித்தளத் தசைகள் இறுகிப்போவது, நரம்புகள் அளவுக்கு மீறித் தூண்டப்படுவது, மன அழுத்தம், மலச்சிக்கல் என்று பல காரணங்கள் ஒன்றாகப் பின்னிக்கிடக்கும், ஆளுக்கு ஆள் மாறும்.

இந்த நிலையில் ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிச் சாப்பிடுவதால் லாபமில்லை. சிறுநீர்த் தடை இருந்தால் டாம்சுலோசின் போன்ற மாத்திரை தருவார்கள், எழுந்திருக்கும்போது தலைசுற்றும் என்பதால் ராத்திரி போடுவது வழக்கம். வீட்டில் செய்யக்கூடியது, பெரிய டப்பில் இளஞ்சூடான நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் உட்காருவது. சூடு என்று சொல்லிக் குளிர்ச்சியைத் தேடுகிறவருக்கு இங்கே ஆறுதல் தருவது வெந்நீர்தான், அதுதான் வேடிக்கை. முக்கால் மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள், நடுவில் பள்ளம் உள்ள குஷன் வாங்குங்கள், மலம் இறுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காபி, மது, காரம் இவற்றில் எது உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டால் எது காரணம் என்று தெரியாது. இணையத்தில் எல்லோரும் சொல்கிற, அடித்தளத் தசையை இறுக்கி இறுக்கி விடும் கெகல் பயிற்சியைக் கண்ணை மூடிக்கொண்டு தொடங்காதீர்கள், ஏற்கனவே இறுகியிருக்கும் தசையை இன்னும் இறுக்கி வலியைக் கூட்டிவிடும். உங்களுக்குத் தேவை தளர்த்துவது: வயிறு உப்ப மூச்சு இழுப்பது, பாலாசனம், முடிந்தவர்களுக்குக் குத்துக்காலிட்டு உட்காருவது. இடுப்புத் தசைகளில் பழக்கமுள்ள பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் இன்னும் நல்லது.

முன்னேற்றத்தை அளக்க அந்தக் கேள்வித்தாளையே வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 13 கேள்வி, அதிகபட்சம் 43 மதிப்பெண். ஆறு புள்ளி குறைந்தால் உண்மையான முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். மாதம் ஒரு முறை போடுங்கள், தினமும் போட்டால் வலியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

கடைசியாக பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை, புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. உடல் பரிசோதனை பேக்கேஜ்களில் இதையும் சேர்த்துவிடுகிறார்கள். அழற்சி இருக்கும்போது இந்த அளவு தாறுமாறாக ஏறும், கடும் அழற்சியில் பல மடங்கு ஏறும், அதைப் பார்த்துப் புற்றுநோய் என்று குடும்பமே உட்கார்ந்து அழுத வீடுகள் உண்டு. சிகிச்சை முடிந்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி எடுங்கள். அப்போதும் இறங்காவிட்டால்தான் அடுத்து என்ன என்று சிறுநீரியல் மருத்துவரிடம் பேச வேண்டும், பழைய கல்ச்சர் ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.